கியர் இல்லாத மடக்கு சைக்கிளும் செந்தூல் ரயிலும்

காலையில் கோலாலம்பூர் எல்ஆர்டி என்ற இலகு ரயிலில் மடக்கு சைக்கிளோடு ஏறினால் யாராவது ஒருவர் பேச்சுக் கொடுப்பார். இளம் பிள்ளைகள் முதலில் கேட்பது, "கியர் எத்தனைக்கா?" என்று. ஒன்றுதான் என்றால், அப்புறம் மேட்டில் எப்படி ஏறுவீங்க என்பார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் கியர் பேச்சையே எடுப்பதில்லை. "எவ்வளவும்மா கனம் இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிடுவார்கள். அவர்களில் பலர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அங்கே தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் நின்ற கறுப்புச் சைக்கிள் எல்லாமே ஒற்றைக் கியர்தான். பால் வாளி, அரிசி மூட்டை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று எல்லாம் அதன் கேரியரில்தான் போயின. கியர் இல்லை என்பது அவர்களுக்கு ஒரு குறையாகவே தெரியாது.

பெரியவர்கள் கேட்பதுதான் சரியான கேள்வி என்று நினைக்கிறேன். கோலாலம்பூரில் ரயிலோடு சேர்த்து ஓட்டுவதற்கு மடக்கு சைக்கிள் வாங்குகிறவர்கள், அது எப்படி ஓடுகிறது என்பதைவிட எப்படித் தூக்க வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒற்றைக் கியர் வண்டியை நான் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

என் வீடு செந்தூலில். வேலை கெரிஞ்சி பக்கம். வீட்டிலிருந்து செந்தூல் எல்ஆர்டி ஸ்டேஷன் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அங்கே ரயில் ஏறி, தித்திவங்சா தாண்டி, மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கி, கிளானா ஜெயா தடத்துக்கு மாறி, கெரிஞ்சியில் இறங்க வேண்டும். அங்கிருந்து அலுவலகம் ஒன்றரை கிலோமீட்டர். ஆக, தூரம் முழுவதையும் ரயில் பார்த்துக்கொள்கிறது. இரண்டு முனையிலும் மிஞ்சுகிற துண்டுதான் தலைவலி. நடந்தால் இருபது நிமிடம், அதுவும் நம்மூர் வெயிலில், பாதி இடத்தில் நடைபாதை திடீரென்று முடிந்துபோகிற சாலையில். இணைப்புப் பஸ் வரும் நேரமும் நான் இறங்கும் நேரமும் ஒத்துப்போவது அபூர்வம். தினமும் இரண்டு முனைக்கும் கிராப் வாடகைக் கார் எடுத்தால் மாதச் சம்பளத்தில் ஓட்டை விழும். நின்றபடி ஓட்டுகிற மின் ஸ்கூட்டரை 2021 டிசம்பரிலிருந்து பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தால் ரயிலே தேவையில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் காலை நேரத்து ஜாலான் துன் ரசாக்கில் லோரிகளுக்கு நடுவே மோட்டாரில் போவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

இந்த இரண்டு துண்டுகளுக்கும் தேவைப்படுவது ஐந்து, பத்து நிமிடம் மிதித்துவிட்டு மடித்துக் கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு சைக்கிள், அவ்வளவுதான். ஐம்பது கிலோமீட்டர் பயணத்துக்கான வண்டி இங்கே தேவையில்லை.

கனத்துக்கு வருகிறேன். மஸ்ஜிட் ஜாமெக்கில் செந்தூல் தடத்து நடைமேடை மேலே இருக்கிறது. கிளானா ஜெயா தடம் நிலத்துக்கு அடியில் ஓடுகிறது. லிப்ட் உண்டு, ஆனால் காலை எட்டு மணிக்கு அதன் முன்னால் தள்ளுவண்டியில் குழந்தையோடு தாய், கைத்தடியோடு ஒரு தாத்தா, சக்கர நாற்காலியில் ஒருவர் என்று ஒரு வரிசை நிற்கும். கை கால் நன்றாக இருக்கிற நான் அவர்களுக்கு முன்னால் போய் நிற்க முடியாது. படிதான். என் வண்டி 10.8 கிலோ. அலுவலகத் தோழி ஒருத்தியின் ஏழு கியர் இரும்பு வண்டி 13.5 கிலோ. கடையில் தூக்கிப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சாப்பாட்டு டப்பாவும் குடையும் முதுகுப் பையில் இருக்க, ஒரு கையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் வண்டியோடு மூன்று தொடர் படி இறங்கிப் பாருங்கள். அந்த இரண்டே முக்கால் கிலோ எங்கே இருக்கிறது என்று தோள்பட்டை சொல்லும்.

அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு சைக்கிள் சட்டத்தின் உலோகத்தால் வருவது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கியருக்கும் பங்கு உண்டு. பின்னால் பல்சக்கர அடுக்கு, செயினை இடம் மாற்றும் கை, கைப்பிடியில் விசை, அதிலிருந்து பின்சக்கரம் வரை கம்பி, கூடுதல் நீளச் செயின் என்று எல்லாம் சேர்ந்தால் அரைக் கிலோவுக்கு மேல் போகும். சக்கரத்தின் நடுவிலேயே மூன்று கியரை அடைத்து வைக்கும் பழைய ஸ்டர்மி ஆர்ச்சர் வகை ஹப் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோ.

கனத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. செயினை மாற்றும் அந்தக் கை, வண்டியின் வலதுபக்கம் பின்சக்கர அச்சுக்குக் கீழே துருத்திக்கொண்டு நிற்கும். சாதாரண சைக்கிளில் அது பாதுகாப்பாகவே இருக்கும். மடக்கு சைக்கிளுக்கு நாள் முழுக்க இடிபடுவதுதான் வாழ்க்கை: ரயில் கதவு, மேசைக் கால், கார் பூட் விளிம்பு, பக்கத்துப் பயணியின் பெட்டி. அந்தக் கை பொருந்தியிருக்கிற சின்ன அலுமினியத் துண்டு இரண்டு மில்லிமீட்டர் வளைந்தால் போதும், கியர் சொன்ன பேச்சைக் கேட்காது. தோழியின் வண்டிக்கு இது நடந்தபிறகு, அவள் ஏழு கியரில் நான்கை மட்டும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கியரில் வளைவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

சரி, ஒரே கியர் என்றால் அது எந்தக் கியர்? இதைக் கடையில் யாரும் சொல்லித் தரமாட்டார்கள், ஆனால் கணக்கு சுலபம். முன்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் பற்களைப் பின்னால் இருக்கும் சின்னதின் பற்களால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால் ஒரு முழு மிதிக்கு வண்டி எவ்வளவு தூரம் நகரும் என்று வரும். என் வண்டியில் முன்னால் 46 பல், பின்னால் 16. 20 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு டயரோடு சேர்த்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். ஒரு மிதிக்கு 4.3 மீட்டர். நிமிடத்துக்கு 70 மிதி என்று அவசரமில்லாமல் மிதித்தால் மணிக்கு 18 கிலோமீட்டர். சட்டை நனையாமல் அலுவலகம் போய்ச் சேர அந்த வேகமே போதும். அதற்கு மேல் போக நினைத்தால் கால்கள் காற்றில் சுற்றுவதுபோல் ஆகிவிடும், வேகம் கூடாது. நம் வெயிலுக்கு இந்தக் கட்டுப்பாடு நல்லது. எட்டு கியர் வண்டியில் போனால் எனக்கு முன்னால் போகிறவரைப் பிடிக்கத் தோன்றும், வியர்வையில் குளித்து இறங்குவேன். இதில் அந்த எண்ணமே வருவதில்லை.

சில மலிவு வண்டிகளில் 52க்கு 14 என்று போட்டு விற்கிறார்கள். ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டருக்கு மேல். சமதளத்தில் ஓட்டிப் பார்க்கையில் பறக்கிறமாதிரி இருக்கும், சிக்னலில் நின்று கிளம்பும்போது முட்டி வலிக்கும். கோலாலம்பூரில் நின்று கிளம்புவதுதானே பாதிப் பயணம்? பற்களை எண்ணாமல் வாங்காதீர்கள்.

மேட்டைப் பற்றிக் கேட்கிற பிள்ளைகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். இந்த நகரம் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் பிறந்தது. செந்தூல், சௌகிட், மஸ்ஜிட் ஜாமெக், பிரிக்பீல்ட்ஸ் என்று ஆற்றையும் பழைய ரயில் பாதையையும் ஒட்டிய பகுதிகள் பெரும்பாலும் சமம். ரயில் பாதைக்குச் செங்குத்து ஆகாது, அதனால் பழைய ஸ்டேஷன்களைச் சுற்றி மேடும் அதிகம் இருக்காது. புக்கிட் நானாஸ், பங்சார் மேட்டுப்பகுதி, கெரிஞ்சியிலேயே அடுக்குமாடிகள் நிற்கும் மலைச்சரிவு இவையெல்லாம் வேறு கதை. அங்கே வீடு இருக்கிறவர்களுக்கு நான் இந்த வண்டியைச் சொல்லமாட்டேன். அவர்கள் மூன்று கியராவது வைத்துக்கொள்ளட்டும், கனத்தைப் பொறுத்துக்கொள்ளட்டும்.

மடிக்கும் வேலை இப்படி. ஸ்டேஷன் வாசலுக்குச் சற்று முன்பே இறங்கிவிடுவேன். இடது மிதிகட்டையை உள்ளே அழுத்தி மேலே மடக்குகிறேன், தட் என்று சத்தம் வரும். சீட் கம்பத்தின் நெம்புகோலைத் திறந்து சீட்டை அடிவரை இறக்குகிறேன், அதன் நுனிதான் மடித்த வண்டி நிற்கும் கால். பிறகு நடுச்சட்டத்துப் பூட்டு. அதில் ஒரு சின்னப் பாதுகாப்புக் கொக்கி இருக்கிறது, அதைக் கட்டைவிரலால் தள்ளினால்தான் நெம்புகோல் திறக்கும். முன்பாதியைச் சுழற்றிப் பின்சக்கரத்தோடு சேர்த்தால் அச்சில் இருக்கும் காந்தம் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். கடைசியாகக் கைப்பிடிக் கம்பம் கீழே விழுகிறது. அரை நிமிட வேலை. என் வண்டியில் மடித்தபிறகு செயின் வெளிப்பக்கமாகத்தான் நிற்கும். அதனால் பழைய மெத்தை உறையில் நாடா கோத்து ஒரு உறை தைத்து வைத்திருக்கிறேன், அதைத் தலைக்கு மேல் சட்டை போடுகிறமாதிரி மாட்டிவிடுவேன். பக்கத்தில் நிற்கிற அம்மாவின் பாஜு குரோங் உடையில் செயின் எண்ணெய் பட்டால் அது எந்தச் சோப்புக்கும் போகாது. அவர் வேலைக்குப் போகிற நாளை நாம் கெடுக்கக்கூடாது.

ரயிலில் மடித்த சைக்கிளுக்கு அனுமதி உண்டு, தனிக் கட்டணமும் கிடையாது. 50 வெள்ளி (ரிங்கிட்) மாத அட்டை வைத்திருக்கிறவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் அனுமதி இருப்பது வேறு, இடம் இருப்பது வேறு. நான் பெட்டியின் கடைக்கோடிக்குப் போய், வண்டியை இரண்டு காலுக்கும் சுவருக்கும் நடுவே வைத்துக்கொள்வேன். சக்கர நாற்காலிக்கு ஒதுக்கிய இடம் காலியாக இருந்தாலும் அதில் நிற்பதில்லை, அடுத்த ஸ்டேஷனில் அதற்குரியவர் ஏறலாம். கூட்டம் பிதுங்கிக்கொண்டு வந்தால் அந்த ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் போவேன். இதையெல்லாம் நல்ல பிள்ளையாக நடக்கச் சொல்லவில்லை. மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்கள் இந்த நகரத்தில் கொஞ்சம் பேர்தான். ஒருவர் முரட்டுத்தனமாக நடந்தால் நாளை எல்லோருக்கும் தடை வரும்.

மாலையில் வேறு வழி. ஐந்தரை மணிக்குக் கிளானா ஜெயா தடத்தில் மூச்சு விட இடம் இருக்காது. அதனால் வானம் தெளிவாக இருந்தால் ரயிலை விட்டுவிட்டு மிட் வேலி பக்கமிருந்து டத்தாரான் மெர்டேக்கா வரை சைக்கிளிலேயே போய்விடுவேன். 2015இல் திறந்த தனிச் சைக்கிள் பாதை அது, 5.5 கிலோமீட்டர். ஆற்றோரமாகவும் ரயில் பாதை ஓரமாகவும் பிரிக்பீல்ட்ஸைத் தொட்டுக்கொண்டு போகிறது. சில இடங்களில் விளக்கு எரிவதில்லை, சில இடங்களில் மோட்டார்கள் உள்ளே வந்துவிடும். இருட்டியபின் தனியாகப் போகமாட்டேன், பெண்கள் யாரையும் போகச் சொல்லவும் மாட்டேன். ஆறரை மணி வெளிச்சத்தில், வலதுபக்கம் நெரிசலில் நிற்கிற கார்களைத் தாண்டிக்கொண்டு போவது எனக்கு அன்றாடம் கிடைக்கிற பெரிய சந்தோஷம். டத்தாரானிலிருந்து மஸ்ஜிட் ஜாமெக் கூப்பிடு தூரம். அங்கே நேராகச் செந்தூல் ரயில், மாறுகிற வேலையே கிடையாது.

பாதையை விட்டு பிரிக்பீல்ட்ஸுக்குள் நுழைவதும் உண்டு. வெள்ளிக்கிழமை என்றால் ஜாலான் துன் சம்பந்தனில் பூ வாங்க வேண்டும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. பார்வையில்லாதவர்கள் நிறையப் பேர் இந்தத் தெருக்களில் வேலை செய்கிறார்கள், நடமாடுகிறார்கள். நடைபாதையில் புடைப்புகளோடு மஞ்சள் ஓடு பதித்திருப்பது அவர்களின் கோலுக்கும் காலுக்கும் வழிகாட்ட. சாலையில் கார் அதிகம் என்று நடைபாதையில் ஏறி அந்த மஞ்சள் கோட்டின் மேல் சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. பின்னால் வருவது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. மணி அடித்தால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று அவர் எப்படி முடிவு செய்வார்? நடைபாதையில் ஏறினால் இறங்கி உருட்டுங்கள். மஞ்சள் கோட்டின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். மடக்கு வண்டிதானே, மடித்துக் கடைக்குள் கொண்டுபோனால் ஆயிற்று. பூக்கடை அக்கா தராசுக்குக் கீழே எனக்கென்று ஒரு இடம் வைத்திருக்கிறார்.

மடக்கு வண்டியை வெளியில் பூட்டிவிட்டுப் போவதே கூடாது என்பது என் கட்சி. திருடன் எடுக்கச் சுலபமான சைக்கிள் இதுதான், எந்தக் கார் பூட்டிலும் அடங்கும். அலுவலகத்தில் என் மேசைக்குக் கீழே நிற்கிறது. முதலில் காவலாளி மறுத்தார். உறை போட்டு எடுத்து வந்ததும் அதைப் பெட்டி என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்.

சின்னச் சக்கரத்துக்கு என்று சில குணங்கள் உண்டு. சிக்னல் விழுந்ததும் சட்டென்று வேகம் பிடிக்கும், நெரிசலில் நறுக்கென்று திரும்பும். அதே காரணத்தால் கைப்பிடி துறுதுறுவென்று இருக்கும், ஒரு கையை எடுத்து மூக்குக் கண்ணாடியைச் சரி செய்வதுகூட யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. பெரிய சக்கரம் உருண்டு கடந்துபோகிற குழியில் இது இறங்கி ஏறும். பயப்பட வேண்டியது லொங்கான் எனும் சாக்கடை மூடிகளுக்கு. சாலை போகும் திசையிலேயே கம்பி போட்ட மூடிகள் இன்னும் நிறைய இருக்கின்றன, அதன் இடுக்கில் டயர் சிக்கினால் தலைகுப்புறத்தான். நீல நிறம் அடித்த சைக்கிள் தடத்திலும் மழை பெய்தால் சாயத்தின் மேல் திடீர் பிரேக் போடாதீர்கள், வழுக்கும்.

சக்கர அளவில் இன்னொரு விஷயம். 20 அங்குலம் என்ற பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் 406 என்று இருந்தால் அது சிறுவர்களின் பிஎம்எக்ஸ் சைக்கிளுக்கும் உள்ள அளவு. எந்தக் கிராமத்துச் சைக்கிள் கடையிலும் டியூப் கிடைக்கும். 451 என்று இருந்தால் கொஞ்சம் பெரிய, மெலிந்த சக்கரம், வேகம் கூட, ஆனால் டியூப்புக்கு நகரத்தில் தேடி அலைய வேண்டும். தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு 406தான். காற்று வால்வும் கார், மோட்டார் வால்வு மாதிரியே இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பெட்ரோல் நிலையத்திலேயே அடித்துக்கொள்ளலாம். நான் 65 பிஎஸ்ஐ வைக்கிறேன், மெஷினில் கிலோபாஸ்கல் கேட்டால் 450. சின்னச் சக்கரத்தில் காற்றுக் குறைந்தால் மிதிப்பது இரட்டிப்பு வேலை ஆகிவிடும். கியர் இல்லாததால்தான் கனக்கிறது என்று பலர் புலம்புவது உண்மையில் காற்றில்லாத டயரைப் பற்றி.

மழையோடு நான் சண்டை போடுவதில்லை. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால் இடியோடு கொட்டப்போகிறது என்று அர்த்தம். வேறு சைக்கிள்காரர்கள் அந்த மழையில் வீடுவரை ஓட்டியாக வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும். நான் மடித்து எடுத்துக்கொண்டு கெரிஞ்சியில் ரயில் ஏறுவேன். செந்தூலிலும் விடவில்லை என்றால் ஒரு கிராப். மைவி போன்ற சின்னக் காரின் பூட்டிலும் என் வண்டி அடங்கிவிடும். இந்த ஒரு வசதிக்காகவே மடக்கு வண்டிக்குக் கொடுக்கிற கூடுதல் காசு தகும்.

நனைந்து வந்த அன்று இரவு ஒரு வேலை இருக்கிறது, அதைத் தள்ளிப்போட மாட்டேன். பழந்துணியால் செயினைப் பிடித்து மிதியைப் பின்னால் சுற்றி ஈரத்தைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி ஒரு துடைப்பு. வெளியே எண்ணெய் மினுமினுக்கக்கூடாது, அது தூசியை இழுக்கும். கியர் வண்டிச் செயின் பக்கவாட்டிலும் வளைந்து வளைந்து தேயும். இது ஒரே நேர்கோட்டில் ஓடுவதால் வெகுகாலம் வரும், மாற்றுவதும் முப்பது வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

செயினின் இறுக்கம் தனிக் கலை. கீழ்ப்பக்கச் செயினை நடுவில் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஒரு சென்டிமீட்டர் ஆட வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் குழியில் குதிக்கும்போது கழன்று விழும். ஆடவே இல்லையென்றால் பின்சக்கரத்து பேரிங் குண்டுகளை அரைத்துத் தின்னும். எங்கள் பக்கத்துச் சைக்கிள் கடை அங்கிள் சீனர். அவர் எனக்குக் காட்டிக்கொடுத்தது, ஒரு இடத்தில் மட்டும் பார்த்தால் போதாது என்பது. மிதியைக் கால் சுற்று சுற்றிப் பார், இன்னொரு கால் சுற்று சுற்றிப் பார் என்றார். முன் பல்சக்கரம் எதுவுமே முழு வட்டமாக இருக்காது, ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். "இறுகுகிற இடத்தில் வைத்து அளவு பார், தங்கச்சி," என்று மலாயில் சொல்லிவிட்டு, அந்த இடத்துக்கு நேரே பல்சக்கரத்தில் வெள்ளைச் சாயத்தால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தார். அந்தப் புள்ளி இன்னும் இருக்கிறது.

மடிப்புப் பூட்டையும் அவரைக் கேட்டுத்தான் பழகினேன். நெம்புகோலை மூடும்போது உள்ளங்கையில் அழுத்தம் தெரிய வேண்டும். ஒரு விரலால் மூட முடிந்தால் உள்ளே இருக்கும் நட்டைக் கொஞ்சம் இறுக்க வேண்டும் என்று பொருள். மிதிக்கும்போது நடுவில் கிறீச் என்று சத்தம் வந்தால் அன்றே பாருங்கள். வாரம் ஒருமுறை கழுவும்போது பற்றவைத்த இடங்களைச் சுற்றி முடிமாதிரி கோடு ஏதாவது தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். அலுமினியம் இரும்பைப்போல் வளைந்து எச்சரிக்கை கொடுக்காது, விட்டால் சட்டென்று விட்டுவிடும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயின்ட்டையும் ஸ்டிக்கரையும் பார்க்காமல் இந்த இடத்தைப் பாருங்கள்.

நான் பெரும்பாலும் பஞ்சாபி சூட்தான் போடுவேன். நடுச்சட்டம் தாழ்வாக இருப்பதால் காலைத் தூக்கிப் போடாமல் ஏறி இறங்கலாம். ஒற்றைக் கியரில் செயின் இடம் மாறாது என்பதால் முன் பல்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தட்டு மூடி போட முடிந்தது, அதனால் கால் துணி மாட்டுவதில்லை. துப்பட்டா மட்டும் அலுவலகம் போய்ச் சேரும்வரை பைக்குள்.

எந்த வண்டி வாங்குவது என்று கேட்பவர்கள் பலர் பிராம்டன் கனவோடு வருகிறார்கள். 1975இல் லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி தன் வீட்டில் உட்கார்ந்து உருவாக்கிய வடிவம், மூன்றாக மடியும், மடித்தபின் குட்டிச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போகலாம். அதைவிட அழகாக மடிகிற வண்டியை நான் பார்த்ததில்லை. விலை பல ஆயிரம் வெள்ளி. அதே பாணியில் வரும் வண்டிகள் அதில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. டேவிட் ஹொன் என்ற இயற்பியலாளர் 1982இல் தொடங்கிய டஹோன் நிறுவனத்தின் வழியில் வந்த இரட்டை மடிப்பு என்றால் இன்னும் விலை குறைவு, ஆனால் உருட்ட முடியாது, தூக்கத்தான் வேண்டும். என்னுடையது இரண்டாவது வகை. உருட்ட முடிகிற வண்டிக்காரர்களுக்குக் கனம் என்னளவுக்கு முக்கியமில்லை, அவர்கள் மூன்று கியர் வாங்கினாலும் தப்பில்லை. தூக்குகிற வகை வாங்கினால் ஒற்றைக் கியர் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அடுத்த மாதம் எங்கள் அலுவலகம் புக்கிட் டாமான்சாராவுக்கு மாறுகிறது. இப்போதாவது கியர் வண்டிக்கு மாறிவிடு என்று தோழி சொல்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். செந்தூல் ரயிலில் மஸ்ஜிட் ஜாமெக், அங்கிருந்து பசார் செனிக்கு ரயில் மாறாமல் சைக்கிளிலேயே சில நிமிடம், பிறகு எம்ஆர்டி ரயிலில் புசாட் பண்டார் டாமான்சாரா ஸ்டேஷன். மேட்டின் பெரும்பகுதியை எம்ஆர்டியே ஏற்றிவிடுகிறது. ஸ்டேஷனிலிருந்து மிஞ்சுவது ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. அதில் பாதி சமம், ஒரு திருப்பத்துக்கு அப்புறம் நல்ல ஏற்றம். 46க்கு 16இல் எழுந்து நின்று மிதித்துத்தான் ஏறினேன், உச்சியில் மூச்சு வாங்கியது. பின்னால் 18 பல் போட்டால் ஒரு மிதிக்கு 3.8 மீட்டராகக் குறையும், அதே 70 மிதிக்கு மணிக்கு 16 கிலோமீட்டர். சமதளத்தில் இழப்பது இரண்டு கிலோமீட்டர் வேகம், எனக்கு அது பொருட்டில்லை. 18 பல் சக்கரம் வாங்கி வைத்துவிட்டேன். கடை அங்கிள் சனிக்கிழமை மாட்டித் தருகிறேன் என்றார். பின்சக்கரப் பல் கூடுவதால் செயினும் நீளமாக வேண்டியிருக்கும், புதுச் செயினும் எடுத்து வை என்று சொல்லியிருக்கிறேன்.